ஓம்கலா கேட்ட மன்னிப்புகள்

ஓம்கலாவுக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்களிலேயே அதிகம் புழங்கித் தேய்ந்தது ‘சுமிமாசென்’. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நாலு வருஷத்தில் அந்த ஊரில் அவள் வேறு எதைச் சம்பாதித்தாளோ இல்லையோ, மன்னிப்பை மட்டும் வஞ்சனையில்லாமல் கேட்டுத் தீர்த்திருந்தாள். குப்பையைத் தப்பான கிழமையில் வைத்ததற்கு, நெய் வாசனை மாடிப்படிவரை போனதற்கு, சைக்கிளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியதற்கு, இன்னும் ஏனென்றே தெரியாத எத்தனையோ காரியங்களுக்கு. அந்தச் சொல்லில் ஒரு சௌகரியம் உண்டு. தலையைக் குனிந்து இரண்டு தரம் சொன்னால் எதிரில் நிற்பவர் பேச்சை முடித்துக்கொள்வார், கதவைச் சாத்திவிடலாம். அவர் என்னதான் சொல்ல வந்தார் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் பாடு மிச்சம்.

அந்தச் சௌகரியம்தான் அந்த வசந்தத்தில் அவள் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

அவளும் அவள் புருஷன் மன்பிரசாத்தும் நேபாளத்தில் மியாக்தி மலைப்பக்கத்துக்காரர்கள். மன்பிரசாத் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையற்காரன். முதலாளி நேபாளி, சமைப்பவர்கள் நேபாளிகள், வாசலில் பறப்பது மட்டும் இந்தியக் கொடி. அங்கே அப்படித்தான். ஓம்கலா டப்பாச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் ஓடும் பட்டையின் முன்னால் நின்று, வந்துகொண்டே இருக்கும் சோற்றுப் பெட்டிகளில் பெட்டிக்கொரு முட்டைத் துண்டு வைப்பாள். குடியிருந்தது ஆற்றங்கரையை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றின் மாடியில்.

அவர்களுக்கு நேர் கீழே குரிஹாரா என்ற வயதான பெண்மணி தனியாக இருந்தாள். அவள் வீட்டு ஜன்னல் திரை எப்போதும் ஒரு விரற்கடை விலகியே இருக்கும். யார் வருகிறார்கள், யார் என்ன பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதெல்லாம் அவள் கண்ணில் படாமல் நடக்காது. அவள் மாடியேறி வந்தால் அது புகார்தான். வேறு எதற்கும் அவள் வந்ததில்லை. இரும்புப் படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓம்கலா அடுப்பைத் தணித்துவிடுவாள்.

ஓம்கலாவின் மகள் ஸ்மாரிகாவுக்கு ஆறு வயது. இரண்டு வயதில் அவளை ஊரில் மன்பிரசாத்தின் அண்ணன் மனைவி தன்சரியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள், ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பு தொடங்குகிறதே என்று அந்த ஜனவரியில்தான் கூட்டிவந்தார்கள். விமான நிலையத்தில் பிள்ளை ஓம்கலாவை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிடவில்லை. மூன்று மாதமாகியும் கூப்பிடவில்லை. அம்மா என்றால் அவளுக்குத் தொலைபேசியில் வருகிற தன்சரிதான். ஓம்கலாவை அவள் எப்படியுமே கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து பேசாமல் நிற்பாள்.

அதைக்கூட ஓம்கலா பொறுத்துக்கொண்டாள். பிள்ளை சாப்பிடாததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்தால் முகர்ந்து பார்ப்பாள். “இதுல வாசனையே இல்ல,” என்று தட்டைத் தள்ளிவிடுவாள். அவித்த முட்டையில் பாதி, வேகாத நூடுல்ஸ் கொஞ்சம், அவ்வளவுதான் நாள் முழுக்க. குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது.

தன்சரி படத்தோடு பேசுகிற அழைப்பில் வந்தாள். பிள்ளையைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டாள்.

“என்னடி ஓம்கலா, பிள்ளை இப்படிக் கொத்தவரங்கா மாதிரி ஆயிட்டா? ஜப்பான்ல அரிசிக்குப் பஞ்சமா?”

“சாப்பிட மாட்டேங்கிறா அக்கா. நான் என்ன பண்ணட்டும்?”

“எங்கிட்ட எப்படிச் சாப்பிட்டா? உளுந்தம்பருப்பு வேகவெச்சு ஜிம்பு தாளிச்சு ஊத்தினா தட்டை நக்கிட்டுத்தான் எந்திரிப்பா. ஊரை விட்டுப் போனா தாளிக்கக்கூடவா மறந்துபோவும்?”

ஜிம்பு என்பது அந்த மலைகளில் காடாக வளர்கிற ஒரு புல். பூண்டும் வெங்காயமும் சேர்ந்தாற்போல் மணக்கும். நெய்யில் ஒரு சிட்டிகை போட்டால் வீட்டையே தூக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் எப்போதோ காலி. ஓம்கலா சிறுமியாக இருந்தபோது மேய்ச்சல் மேட்டில் மடி மடியாகப் பறித்தவள். ஜிம்புவைப் பற்றித் தன்சரி அவளுக்குப் பாடம் எடுப்பதா என்று உள்ளுக்குள் எரிந்தது.

அழைப்பு முடிந்ததும் மன்பிரசாத் ஆரம்பித்தான்.

“எங்க கடை முகுந்தா ஏப்ரல் கடைசில ஊருக்குப் போறான். அதுக்குள்ள பிள்ளை ஒழுங்கா சாப்பிடலைன்னா அவன்கூட அனுப்பிடலாம்னு பாக்குறேன். அண்ணிகிட்டயே இருக்கட்டும்.”

“அனுப்பிட்டு?”

“அனுப்பிட்டு என்ன? முன்ன மாதிரி போன்ல பாத்துக்கலாம்.”

“போன்ல பாக்கறதுக்கா நான் பெத்தேன்?”

“பட்டினி போட்டுக் கொல்லவா கூட்டிட்டு வந்தோம்? நீயே சொல்லு.”

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் பிள்ளை மெலிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இந்தத் தடவை போனால் பிள்ளை திரும்ப மாட்டாள் என்று ஓம்கலாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்குக் காலண்டரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஊரெல்லாம் செர்ரி பூத்து மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓம்கலாவுக்கு அந்தக் காலம் வந்தாலே தொல்லை. மலைக் காடுகளிலிருந்து காற்றில் வருகிற மகரந்தம் கைப்பிடிச் சுவரிலும் சைக்கிள் இருக்கையிலும் மஞ்சளாகப் படியும். துடைத்த கையோடு மறுபடி படியும். முதல் இரண்டு வருஷம் அவளை ஒன்றும் செய்யவில்லை. மூன்றாம் வருஷம் பிடித்துக்கொண்டது. கண் எரிந்தது, மூக்கு அடைத்துக்கொண்டது. இந்த வருஷம் மூக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். பூண்டை நசுக்கி மூக்கருகில் வைத்தாலும் ஒன்றும் தெரியவில்லை. சமைக்கிறவளுக்கு மூக்கு போய்விட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் புதுப் பிள்ளைகளை வரவேற்கும் விழா நடந்தது. ஸ்மாரிகா தன்னைவிடப் பெரிய புத்தகப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். மேடையின் இரு பக்கமும் பெரிய ஜாடிகளில் மஞ்சள் பூக்கள். தெருச் சங்கத்துப் பெண்கள் அன்று காலை ஆற்றங்கரையிலிருந்து ஒன்று விடாமல் வெட்டி வந்தவை அவை. வருஷக்கணக்காக அவற்றைக் கரையில் நட்டுக் காத்துவந்தவள் குரிஹாரா. இது எதுவும் ஓம்கலாவுக்குத் தெரியாது. அந்தப் பூக்களுக்கு முன்னால் மற்றப் பிள்ளைகளைவிடத் தன் பிள்ளை பாதிதான் இருந்தாள், அது மட்டும்தான் அவள் கண்ணில் பட்டது.

விழா முடிந்த மறுநாள், வேலை விட்டு ஆற்றங்கரை வழியாகச் சைக்கிளில் வந்தவள் சட்டென்று காலை ஊன்றி நின்றாள். கரைச் சரிவில் பச்சைப் பசேலென்று கொத்துக் கொத்தாக நீள இலைகள். பூ இல்லை, மொட்டு இல்லை. ஜிம்பு இதைவிட மெல்லிசாகத்தான் இருக்கும். ஆனால் ஜப்பானில் எல்லாமே கொழுகொழுவென்றுதானே வளர்கிறது, முள்ளங்கியிலிருந்து ஸ்ட்ராபெர்ரி வரை? இது இங்கத்து ஜிம்புவாக இருக்கும், இல்லாவிட்டால் அதன் பங்காளியாக இருக்கும். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கில் வைத்தாள். ஒன்றும் வரவில்லை. வராதுதான், இந்த மூக்கில் எது வந்தது? ஆசை வந்துவிட்டால் அடைத்த மூக்கையும் சாட்சிக்குக் கூப்பிடத் தோன்றும்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து பறிக்கத் தொடங்கினாள். பை நிறைந்துகொண்டு வரும்போது மேலேயிருந்து ஒரு சத்தம். கரை உச்சியில் குரிஹாரா. கையை வேகவேகமாக ஆட்டிக்கொண்டு ஏதோ கத்தினாள்.

பிடித்துவிட்டாள். ஓம்கலா பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள். அடுத்தவர் இடத்தில் புல்லைக்கூடத் தொடக்கூடாத ஊர் இது. எழுந்து, இடுப்பை வளைத்து, “சுமிமாசென், சுமிமாசென்!” என்று கத்திவிட்டு, பையைக் கூடையில் எறிந்து சைக்கிளை மிதித்தாள். பின்னால் அந்தக் குரல் இன்னும் பெரிதாகக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து குக்கரில் உளுந்தம்பருப்பு போட்டாள். ஸ்மாரிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஜன்னலோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இலைகளை அலசி வடிகட்டியில் போடும்போது இரும்புப் படியில் செருப்புச் சத்தம் ஏறியது. மணி அடித்தது. நிறுத்தாமல் அடித்தது.

ஓம்கலா கதவை ஒரு சாண் திறந்தாள். குரிஹாராவுக்கு மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. சொற்கள் கொட்டின, ஓம்கலாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிழவி சமையலறைப் பக்கம் விரலை நீட்டினாள். வயிற்றைப் பிடித்துக் குனிந்து காட்டினாள். பிறகு இரண்டு முன்கைகளையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி போட்டாள். அந்தக் குறி ஓம்கலாவுக்குத் தெரியும். கூடாது, தடை. குப்பை போடும் இடத்தில் அதே குறியைத்தான் காட்டுவார்கள்.

திருட்டு. போலீசுக்குச் சொல்லிவிடுவாள். போலீஸ் வந்தால் விசாவைப் பார்ப்பார்கள். விசாவில் ஏதாவது வந்தால் பிள்ளை மட்டுமா, மூன்று பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஓம்கலா தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். “சுமிமாசென். சுமிமாசென்.” குனிந்தபடியே கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே கிழவி இன்னும் கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு செருப்புச் சத்தம் வேகமாகக் கீழே இறங்கியது.

“அவங்க ஏன் வயித்தப் புடிச்சுக் காட்டினாங்க?” என்று ஸ்மாரிகா கேட்டாள்.

“நீ திங்கு திங்குன்னு நடக்கற சத்தத்துல அவங்களுக்கு வயித்து வலி வருதாம். இனிமே மெதுவா நட.”

பிள்ளை தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள். ஓம்கலா வடிகட்டியைப் பார்த்தாள். கொஞ்சம் தாளிப்புக்குப் போட்டுவிட்டு மீதியைக் காயவைப்பதாகத்தான் முதலில் எண்ணம். இப்போது அது சரிப்படாது. மாடி முகப்பில் காயவைத்தால் சாட்சி. குப்பையில் போட்டால் அந்தக் கிழவி குப்பையையும் கிளறுவாள். தின்று தீர்த்துவிட்டால் கேட்க நாதியில்லை. எல்லாவற்றையும் நறுக்கினாள். பாதியை நெய்யில் வதக்கிப் பருப்பில் கொட்டினாள், மீதியை உருளைக்கிழங்கோடு சேர்த்துப் பிரட்டினாள். இப்படியும் ஒரு புத்திசாலித்தனம்!

ஐந்து மணிக்குத் தெருக்கம்பத்து ஒலிபெருக்கியில் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும் பாட்டு வந்தது. ஓம்கலா தட்டில் சோறும் பருப்பும் கிழங்கும் வைத்து ஸ்மாரிகா முன்னால் நகர்த்தினாள். பிள்ளை குனிந்து பார்த்தாள். பருப்பில் பச்சைத் துணுக்குகள் மிதந்தன.

“இது ஜிம்புவா?”

“ஆமாடா கண்ணு. ஜிம்புதான்.”

முகர்ந்தாள். “வாசனை வரலையே.”

“உனக்கும் மூக்கு அடைச்சிருக்கும். இங்க எல்லாருக்கும் அப்படித்தான். சாப்பிட்டுப் பாரு.”

ஸ்மாரிகா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். “கொஞ்சம் கசக்குது,” என்றாள், ஆனால் கை நிற்கவில்லை. கிழங்கைத் தனியாகத் தின்றாள், பருப்பைத் தட்டோரம் வழித்தாள். ஓம்கலா தன் தட்டைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழங்கு போதாமல் பிள்ளை தட்டை நீட்டியபோது தன் பங்கையும் அதில் சரித்தாள். நாலு வருஷம் அன்னியர் வாயில் போகிற சோற்றுக்கு முட்டை வைத்த கை, முதல் தடவையாகத் தன் பிள்ளைக்குச் சோறு போடுகிறது. அத்தனை சந்தோஷம் அவளுக்கு அதற்குமுன் வந்ததில்லை. தன்சரிக்கு இப்போதே போன் போட்டுக் காட்டலாமா என்றுகூட எண்ணினாள்.

இரண்டாவது தட்டு பாதியில் ஸ்மாரிகா கையை எடுத்துவிட்டாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. “வயிறு என்னமோ பண்ணுது,” என்றாள். சொல்லி முடிக்குமுன் வாந்தி வந்தது.

பட்டினி கிடந்த வயிறு, ஒரேயடியாகத் தின்றால் இப்படித்தான் என்று ஓம்கலா முதுகைத் தடவினாள். பிள்ளை மறுபடி வாந்தி எடுத்தாள். மறுபடியும். உள்ளே ஒன்றும் இல்லாமல் போன பிறகும் குமட்டல் நிற்கவில்லை. உதடு வெளுத்து, கண் செருகத் தொடங்கியது. கை கால் சில்லிட்டது. வடிகட்டியில் ஒட்டியிருந்த ஒரு இலை மேல் ஓம்கலாவின் பார்வை போனது. கிழவி வயிற்றைப் பிடித்துக் குனிந்தது கண்முன் வந்தது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

“ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்!”

தொலைபேசியை எடுத்தாள். ஆம்புலன்ஸ் எண் தெரியும். ஆனால் எடுத்தவர்களிடம் என்ன சொல்வது? விஷம் என்பதற்குச் சொல் தெரியாது, இலை என்பதற்குத் தெரியாது, முகவரியைக் கூட வரிசையாகச் சொல்ல வராது. புருஷனுக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கிக் குரிஹாராவின் கதவை உதைக்காத குறையாகத் தட்டினாள். பதில் இல்லை. எப்போதும் விலகியிருக்கும் திரை அன்று முழுக்க மூடியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. நாலு வருஷம் எந்தக் கிழவியின் கண்ணில் படக்கூடாது என்று ஒளிந்து நடந்தாளோ, அவள் வேண்டும் என்கிற நேரத்தில் அவளைக் காணவில்லை.

பிள்ளை தோளில் துணியாகத் தொங்கினாள். ஓம்கலா தெருவில் ஓடினாள். எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் ஓடினாள்.

முனை திரும்பும்போது எதிரே இரண்டு பேர் ஓடிவந்தார்கள். முன்னால் ஏப்ரனோடு மன்பிரசாத். பின்னால் மார்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் வேரும் மண்ணுமாக வெங்காயம் போன்ற ஒரு கிழங்கோடு குரிஹாரா. கதவு சாத்தப்பட்டதும் அவள் கரைக்குப் போய்ச் செடி ஒன்றைக் கிழங்கோடு பிடுங்கி, அந்த வயதில் ரயில் நிலையம் வரை நடந்து, வாழ்நாளில் கால் வைக்காத அந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து, அடுப்படிவரை போய் மன்பிரசாத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பிள்ளையைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

மருத்துவமனையில் டாக்டர் தொலைபேசி வழியாக மொழிபெயர்த்துச் சொல்லும் ஒரு நேபாளிப் பெண்ணின் குரலில் பேசினார். அந்த மஞ்சள் பூச்செடியின் இலையில் விஷம் இருக்கிறது, பூண்டு இலை மாதிரி இருக்கும், ஆனால் பூண்டு வாசனை வராது, வசந்தத்தில் உள்ளூர்க்காரர்களே ஏமாந்து தின்றுவிட்டு வருவதுண்டு. பெரும்பாலும் வாந்தியில் போய்விட்டது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, ஏற்றுகிறோம், நாளைவரை பார்க்க வேண்டும். ‘பிழைத்துவிடுவாள்’ என்று அந்தக் குரல் சொல்வதற்காக ஓம்கலா காத்திருந்தாள். அது ‘பார்க்கலாம்’ என்றுதான் சொன்னது.

தாழ்வாரத்தில் குரிஹாரா கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓம்கலாவைக் கண்டதும் எழுந்து குனிந்து நீளமாக என்னவோ சொன்னாள். ஓம்கலா பதிலுக்குக் குனியவில்லை.

“என்ன சொல்றாங்க? முழுசாச் சொல்லுங்க,” என்று, கடையில் ஜப்பானியம் பழகியிருந்த புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

“பூவ எல்லாம் வெட்டாம நாலு விட்டு வெச்சிருந்தா நீ இலையத் தொட்டிருக்க மாட்டியாம். கதவு சாத்தினதும் அங்கயே நின்னு கத்தியிருக்கணுமாம். எப்பவும் நான்தானே கத்தறேன்னு இன்னிக்குத் தயங்கிட்டேன்னு சொல்றாங்க.”

ஓம்கலா சுவரோடு சாய்ந்து அழுதாள்.

காலையில் ஸ்மாரிகா கண் விழித்தாள். கையில் ஊசி, உதடு வறண்டிருந்தது, ஆனால் பார்வை தெளிவாக இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை, கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லிப் போனார். கொஞ்ச நேரத்தில் மன்பிரசாத்தின் தொலைபேசி அடித்தது. தன்சரி. எடுக்காமலிருந்தால் இன்னும் சந்தேகம் வரும். அவன் தயங்கித் தயங்கிப் பிள்ளைக்கு நேரே பிடித்தான்.

“என் தங்கமே, முகம் ஏன் இப்படி இருக்கு? அது என்ன கட்டிலு? யாரு என்ன பண்ணாங்க உன்ன?”

பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெற்றவளே விஷம் வைத்தாள் என்று மியாக்தி முழுக்கப் பேசுவார்கள். முகுந்தாவுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த விமானத்தில் தன்சரியின் புருஷனே வந்து நிற்பான். ஸ்மாரிகா கட்டிலின் மறுபக்கம் நின்ற ஓம்கலாவை நிதானமாகப் பார்த்தாள்.

“ஸ்கூல்ல ஊசி போட்டாங்க. அதான் காய்ச்சல்,” என்றாள்.

மன்பிரசாத் தொலைபேசியோடு வெளியே போய்விட்டான். முகுந்தாவோடு அனுப்பும் பேச்சை அவன் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

நர்ஸ் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். வெறும் வெள்ளைக் கஞ்சி. ஓம்கலா ஒரு கரண்டி எடுத்து ஊதி, பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். ஸ்மாரிகா வாயைத் திறக்கவில்லை.

“நீங்க சாப்பிடுங்க.”

“எனக்கு வேணாம்டா. உனக்குத்தான் பசிக்கும்.”

“இல்ல. நீங்க மொதல்ல சாப்பிடுங்க.”

ஓம்கலாவுக்குப் புரிந்துவிட்டது. செவிட்டில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கரண்டியைத் திருப்பித் தன் வாயில் வைத்து விழுங்கினாள். ஸ்மாரிகா அவள் தொண்டையைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், வேர்க்கிறதா என்று பார்த்தாள். அவசரமே படவில்லை. நர்ஸ் வந்து ஊசியைச் சரிபார்த்துவிட்டுப் போனாள், கஞ்சி ஆறியது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

பிள்ளை ஜப்பானிலேயே தங்கிவிட்டாள். கன்னத்தில் சதை பிடித்தது, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டையும் வழித்துச் சாப்பிடுகிறாள் என்று டீச்சர் சொன்னாள். வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. எந்த வேளையானாலும் முதல் வாய் ஓம்கலாவுடையது. அவள் மென்று விழுங்கி முடிக்கும்வரை ஸ்மாரிகா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, “சரி, இப்ப நான்,” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள்.